கை நின்ற இடம்

அடி அண்ணாமலையில் நான் கிராம சுகாதாரச் செவிலியர். ஊரில் நர்சம்மா என்பார்கள். கர்ப்பிணிகளுக்கு ஊசி, குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து, பெரியவர்களுக்குச் சர்க்கரை, பிரஷர் மாத்திரை என்று பதினான்கு வருடம் வீடு வீடாக நடந்திருக்கிறேன். முப்பது வயது தாண்டிய பெண்களை உட்கார வைத்து, மார்பில் கட்டி இருக்கிறதா என்று அவர்களே எப்படித் தொட்டுப் பார்ப்பது என்று சொல்லிக் கொடுப்பதும் என் வேலைதான். மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை துணை சுகாதார நிலையத்தில் அதற்கென்றே கூட்டம் போடுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். எல்லோரும் வழக்கம்போல ஒருவரை ஒருவர் பார்த்து, முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் நான் ஆரம்பித்தேன்.

"நடுவுல இருக்கற மூணு வெரலையும் சேத்து வச்சிக்கங்க. நகம் படக்கூடாது, வெரல் பட்டையா படணும். இப்படி வட்டமா அழுத்திகிட்டே அக்குள் வரைக்கும் வாங்க."

சொல்லிக்கொண்டே புடவைக்கு மேலாக என் இடது மார்பில் கையை வைத்துக் காட்டினேன். எத்தனையோ தடவை செய்தது. காட்டுவதற்காகத்தான் விரல் நகருமே தவிர, எதையும் தேடாது. அன்று அக்குளுக்குச் சற்றுக் கீழே வந்தபோது விரலுக்கடியில் ஏதோ இருந்தது. ஊறவைக்காத கொண்டைக்கடலை மாதிரி, சின்னதாக, கெட்டியாக.

கை நின்றுவிட்டது. வாய் நிற்கவில்லை. "வலிக்காத கட்டினு அலட்சியமா விட்டுடாதீங்க, வலிக்காததுதான் ஆபத்து" என்று அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தது. கையை வலது பக்கம் மாற்றிக்கொண்டு மீதியைக் காட்டி முடித்தேன். எல்லோருக்கும் பிரஷர் பார்த்து, பெயர் எழுதி அனுப்பினேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, ரவிக்கையைத் தளர்த்தித் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அழுத்தினேன். வலிக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினேன். கொஞ்சமாவது வலிக்கக்கூடாதா என்றிருந்தது.

அடுத்த நாற்பது நாட்கள் நான் யாரிடமும் சொல்லவில்லை.

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கூசுகிறது. தெரியாதவள் மறைத்தால் அது அறியாமை. எனக்கு எல்லாம் தெரியும். ஒவ்வொரு வாரத்துக்கும் என்ன நடக்கும் என்று தெரியும். தெரிந்ததனால்தான் பயம் அவ்வளவு பெரிதாக இருந்தது. காலையில் குளிக்கும்போது ஒரு தடவை தொட்டுப் பார்ப்பேன். பெரிதாகியிருக்கிறதா, நகர்கிறதா, தோல் உள்ளே இழுக்கிறதா. நகர்வது மாதிரி இருந்தால் சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று சொல்லிக்கொள்வேன். அன்று முழுக்கச் சாப்பாடு இறங்கும். மறுநாள் நகராதது மாதிரி இருக்கும். அன்று ஒரு வாய் சோறு உள்ளே போகாது.

மகள் பன்னிரண்டாம் வகுப்பு. பொதுத்தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. அது முடியட்டும் என்று முடிவு செய்தேன். அறுப்பு முடியட்டும், மகள் பிரசவம் முடியட்டும், கார்த்திகை தீபம் முடியட்டும் என்று என்னிடம் தள்ளிப்போட்ட எத்தனை பெண்களைக் கடிந்துகொண்டிருப்பேன். "நோய் உங்க சௌகரியத்துக்கு வெயிட் பண்ணுமா" என்று கேட்டிருக்கிறேன். எனக்கென்று வந்தபோது அதே காரணம் எவ்வளவு நியாயமாகத் தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாராந்திரக் கூட்டத்துக்குப் போவேன். மருத்துவ அலுவலர் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டு தடவை வாய் திறந்தேன். இரண்டு தடவையும் தடுப்பூசி இருப்பைப் பற்றி ஏதோ கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

கிரிவலப் பாதையில் டீக்கடை வைத்திருக்கும் ஒருத்தி அன்றைய பன்னிரண்டு பேரில் இருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடையில் நிற்க நேரமில்லாமல் வியாபாரம் நடக்கும், மற்ற நாளில் ஊர்க்காரர்களும் ஓரிரு சாமியார்களும்தான். ஒரு மத்தியானம் அவள் மாமியாருக்குப் பிரஷர் பார்க்கப் போனேன். பார்த்துவிட்டுக் கிளம்பும்போது அவள் என்னை அடுப்புப் பக்கம் கூப்பிட்டாள்.

"நர்சம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளும்மா."

"அன்னிக்கி மீட்டிங்குல காட்டிகினு இருந்தீங்களே, ஒரு எடத்துல உங்க கை நின்னுச்சே. இன்னா அது?"

"எங்க நின்னுச்சு? ஒண்ணுமில்லையே."

"நான் நேர் எதிர்லதான குந்திகினு இருந்தேன். பேச்சு ஓடுது, கை நிக்குது. அப்புறம் அந்தப் பக்கமே உங்க கை போவல."

நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன். அது ஏற்கெனவே மூடியிருந்தது. அவள் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"எங்கம்மா சோறு வடிக்கறப்போ அப்படித்தான் திடுக்குனு ஒரு கைய அங்க வச்சிகினாங்க. ஒரு தபா இல்ல, நெறைய தபா பாத்தேன். எனக்கு பதினஞ்சு வயசு. கேக்கணும்னு தோணல. ஆறு மாசம் கழிச்சிதான் எங்களுக்குத் தெரிஞ்சது. அதுக்குள்ள தோலெல்லாம் ஒடஞ்சி போச்சி." பால் பாத்திரத்தை மூடினாள். "இப்ப கேக்கறேன். சொல்லுங்க."

அங்கிருந்த சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். "பாப்பாவுக்குப் பரீட்சைம்மா" என்றேன்.

"பரீட்சை எப்ப முடியுது?"

"இன்னும் ரெண்டு இருக்குது."

"பாப்பாவுக்கு சொல்லாதீங்க. ஊட்ல சாரு கிட்ட சொல்லுங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேன். நீங்க சொல்லலன்னா நானே வந்து சொல்லிடுவேன். அப்புறம் என் மேல கோச்சிக்கக் கூடாது."

வியாழக்கிழமை சாயந்திரம் கணவரிடம் சொன்னேன். மின்கம்பம் ஏறுகிற வேலை அவருக்கு. மழையில், இடியில் எல்லாம் ஏறுவார். அவர் பயந்து நான் பார்த்ததில்லை. கொல்லைப்புறத்தில் சட்டை துவைத்துக்கொண்டிருந்தவர் கையில் சோப்பு நுரையோடு அப்படியே நின்றார்.

"எவ்ளோ நாளா?"

"மாசி பொறந்ததுலேருந்து."

கணக்குப் பார்ப்பதைப் போல் உதடு அசைந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். குழாயைத் திறந்து கையைக் கழுவினார், மறுபடியும் சோப்புப் போட்டார், மறுபடியும் கழுவினார். "நாளைக்கி காலைல போலாம்" என்று மட்டும் சொன்னார். அன்று அவர் சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை. மகள் வேதியியல் புத்தகத்தோடு உட்கார்ந்து இரண்டு தட்டு சாப்பிட்டாள்.

டவுனில் உள்ள அரசு மருத்துவமனையில் என்னைத் தெரிந்தவர்கள் அதிகம். அதுவே பெரிய தொந்தரவாகிவிட்டது. யாரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்டார்கள். எனக்குத்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. கேட்டவர்களின் முகம் மாறுவதை ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டியிருந்தது. மம்மோகிராம் எடுத்த பெண் அதுவரை கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவள், திரையில் படம் வந்ததும் பேச்சை நிறுத்தினாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

மறு வாரம் ஊசியால் சதை எடுத்தார்கள். மரத்துப்போக மருந்து கொடுத்துவிட்டு, துப்பாக்கி போன்ற ஒரு கருவியை வைத்து அழுத்துவார்கள். ஸ்டேப்ளர் அடிப்பது போல் ஒரு சத்தம். வலி இல்லை. சத்தம்தான். டாக்டர் ஒவ்வொரு முறையும் "இப்ப சத்தம் வரும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் அழுத்தினார். அப்படியும் ஐந்து தடவையும் என் உடம்பு தூக்கிப் போட்டது.

ரிசல்ட்டுக்குப் பத்து நாள். அந்தப் பத்து நாளில் நான் நாலு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டேன், ஒரு பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் பிடித்து அனுப்பினேன். மகள் கடைசித் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். அவள் சிரித்துக்கொண்டு வந்ததைப் பார்த்து, இன்னும் ஒரு நாள் சிரிக்கட்டும் என்று விட்டேன்.

ரிப்போர்ட்டை வாங்க நான் மட்டும் போனேன். டாக்டரிடம் காட்டுவதற்கு முன்னால் பிரிக்கக் கூடாது என்று நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். மாடிப்படியில் உட்கார்ந்து பிரித்தேன். கார்சினோமா என்ற வார்த்தை மூன்றாவது வரியில் இருந்தது. படித்துவிட்டுக் காகிதத்தை மடித்தேன். படியில் ஆட்கள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு அம்மா என்னைப் பார்த்து, "கண்ணு ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்மா?" என்று கேட்டாள். "நேரா போயி சோத்துக் கை பக்கம் திரும்புங்க" என்றேன். அவள் போன பிறகு எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அன்று மகளிடம் சொன்னோம். அவள் அழுவாள் என்று நான் தயாராக இருந்தேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்க்கவில்லை.

"ஊருக்கெல்லாம் சொல்ற இல்ல. உனக்குன்னா மட்டும் என் பரீட்சை மேல பழி போடுவியா? நான் கேட்டனா உன்ன, மறைச்சி வைன்னு?"

இரண்டு நாள் அவள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் இணையத்தில் படித்ததையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

சென்னையில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகலாம் என்று டவுன் டாக்டர்தான் சொன்னார். ஏற்கெனவே எடுத்த சதையை அங்கே மறுபடியும் சோதிக்க வேண்டுமாம். அதை நாமே கொண்டுபோக வேண்டும். பரிசோதனைக் கூடத்தில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் வில்லையைக் கொடுத்தார்கள். தீப்பெட்டியை விடச் சின்னது. உள்ளே வெள்ளை மெழுகு, மெழுகுக்குள் நூல் துண்டு மாதிரி மங்கலாக ஐந்து கோடு. "பத்திரம்மா, வெயில்ல வைக்காதீங்க" என்றார் கொடுத்தவர்.

சித்திரை மாத வெயில். காலை பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தேன். மெழுகு வில்லை என் மடிப் பையில் இருந்தது. செஞ்சி தாண்டியதும் வெயில் உள்ளே வந்தது. மெழுகு உருகிவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அது உருக எவ்வளவு சூடு வேண்டும் என்று எனக்குத் தெரியும். பஸ்ஸில் அவ்வளவு சூடு வராது என்றும் தெரியும். ஆனால் உருகிவிட்டால் மறுபடியும் அந்தத் துப்பாக்கி, மறுபடியும் பத்து நாள். கணவரோடு இடம் மாறிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் பஸ் திரும்பியது, வெயில் அந்தப் பக்கமும் வந்தது. கணவர் தன் துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து பையைச் சுற்றிக் கட்டினார். காய்ந்ததும் மறுபடி நனைத்தார். திண்டிவனம், மேல்மருவத்தூர், செங்கல்பட்டு என்று வழி முழுக்க இதையே செய்துகொண்டு வந்தார். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்து, "மீனுங்களா?" என்று கேட்டார். "மருந்துங்க" என்றார் கணவர்.

புற்றுநோய் மருத்துவரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நான் அனுப்பிவைத்த பெண்கள் பார்த்திருக்கிறார்கள். அங்கே ஒருவர் இல்லை, மூன்று பேர். அறுவை செய்பவர், கதிர் கொடுப்பவர், மருந்து கொடுப்பவர். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்துவிட்டு, பிறகு ஒரு அறையில் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். எந்தச் சிகிச்சை முதலில் என்று அங்கேதான் முடிவாகும். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி. அதன் வழியாக ஒருவருடைய முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு அசைந்தால் எழுந்து எட்டிப் பார்ப்பேன். தலையை ஆட்டுகிறாரா, ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை.

மருந்து கொடுக்கும் டாக்டர் என்னை விட வயதில் சின்னவர். அதிகம் சிரிக்காதவர். ஒரு பழைய சீட்டின் பின்பக்கத்தில் படம் போட்டுக் காட்டினார். முதலில் கீமோ, கட்டியைச் சுருக்கிவிட்டு ஆபரேஷன், பிறகு ரேடியேஷன், அப்புறம் சில வருடம் மாத்திரை. வரிசையாகச் சொன்னார். எலும்புக்கோ நுரையீரலுக்கோ போகவில்லை, அக்குளில் ஒரு நெறிக்கு, அதாவது நிணநீர் முடிச்சுக்கு, போயிருக்கிறது என்றார்.

"நான் பொழைச்சிடுவனா டாக்டர்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் சொல்வேன், ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க என்று. அவர் அதைச் சொல்லவில்லை.

"நல்லா ஆகறதுக்குத்தான் வாய்ப்பு ஜாஸ்தி. ஆனா கையெழுத்துப் போட்டு என்னால தர முடியாதும்மா. நாற்பது நாள் முன்னாடியே வந்திருக்கலாம், வரல. இன்னும் நாற்பது நாள் கழிச்சி வந்திருந்தா வேற மாதிரி பேசிகிட்டு இருப்போம்." பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னார். "ஒண்ணு ஞாபகம் வச்சிக்கங்க. கீமோ போட்டு பத்து நாளாச்சுன்னா ரத்தத்துல வெள்ளை அணு கொறஞ்சிடும். அப்ப காய்ச்சல் நூறைத் தாண்டிச்சுன்னா மாத்திரை போட்டுட்டு வீட்ல இருக்கக் கூடாது. உடனே பக்கத்து ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரத்துக்குள்ள."

கீமோ போடும் அறையில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். என் முறை வந்தபோது அந்த நர்ஸ் கவுன் போட்டுக்கொண்டாள். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கையுறை, முகத்துக்கு மறைப்பு. நான் வெறும் கையால் ஆயிரக்கணக்கான ஊசி போட்டவள். அவளுடைய கையில் ஒரு சொட்டுக்கூடப் படக்கூடாத மருந்து, ரோஸ்மில்க்கை விட அடர்ந்த சிவப்பில், என் நரம்புக்குள் போனது. அவள் அதை மெதுவாக, மிக மெதுவாகத் தள்ளினாள். "எரிஞ்சா உடனே சொல்லுங்க சிஸ்டர்" என்றாள். நானும் நர்ஸ் என்று கணவர் சொல்லியிருக்க வேண்டும். எரியாமலேயே எரிவதாகத் தோன்றியது. சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஊரில் டைஃபாய்டு என்று சொல்லி விடுப்பு எடுத்திருந்தேன். முடி கொட்டியதும் தலையில் துணி கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே இருந்தேன். ஊருக்குள் உண்மை தெரிந்தது வீட்டில் இருவருக்கும் டீக்கடைக்காரிக்கும் மட்டும்தான். அவள் வாரத்துக்கு இரண்டு முறை வாசலுக்கு வெளியே நின்று விசாரித்துவிட்டுப் போவாள். உள்ளே வரமாட்டாள். "கடைக்கு நாலு ஊரு ஜனம் வருது, எதுனா ஒட்டிகினு வந்துடும்" என்பாள்.

மூன்றாவது கீமோ போட்டுப் பதினோராவது நாள். ஞாயிற்றுக்கிழமையும் பௌர்ணமியும் சேர்ந்து வந்துவிட்டது. மத்தியானத்திலிருந்தே பாதையில் கூட்டம். சாயந்திரம் நாலரை மணிக்கு எனக்குக் குளிர ஆரம்பித்தது. ஆனி மாதப் புழுக்கத்தில் போர்வை கேட்டேன். மகள் தெர்மாமீட்டரை வைத்தாள். நூற்றொன்றைத் தாண்டியிருந்தது.

கணவர் டவுனில் பௌர்ணமி டியூட்டி. கூட்டத்தில் போன் லைன் கிடைக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு எப்படியோ கிடைத்தது. செங்கம் ரோடு திருப்பம் வரைக்கும்தான் வண்டி வர முடியும், ஊருக்குள் வர வழியில்லை, எப்படியாவது அதுவரை வந்துவிடுங்கள் என்றார்கள். மகள் ஸ்கூட்டரை எடுத்தாள். இரண்டு மாஸ்க்கை ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டு என்னைப் பின்னால் உட்கார வைத்தாள். தெருமுனைக்கு வந்ததும் வண்டி நின்றுவிட்டது. பாதை முழுக்க ஆட்கள். எல்லோரும் எங்களுக்கு எதிரே வந்துகொண்டிருந்தார்கள்.

எனக்கு அப்போது வந்த பயம் காய்ச்சலைப் பற்றியது அல்ல. எதிரே வந்த மூச்சைப் பற்றியது. யாரோ இருமினார்கள். யாரோ ஒரு குழந்தையின் மூக்கைத் துடைத்துவிட்டார்கள். கற்பூரப் புகை, வியர்வை, அரோகரா. என் ரத்தத்தில் எதையும் எதிர்த்து நிற்க ஆளில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். முகத்தை மகளின் முதுகில் புதைத்துக்கொண்டேன்.

"ம்மா, எப்படிப் போறது? ஒருத்தரும் நவுர மாட்றாங்க" என்றாள்.

டீக்கடை அந்த முனையில்தான். அவள் எங்களைப் பார்த்துவிட்டாள். கையில் இருந்த டம்ளர் தட்டை யாரோ வாடிக்கையாளர் கையிலேயே கொடுத்துவிட்டு இறங்கி வந்தாள். என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. வண்டிக்கு முன்னால் போய் நின்று, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தாள்.

"வழி விடுங்க. ஒடம்பு சரியில்லாதவங்க. கொஞ்சம் ஒதுங்குங்க."

நாலு பேர் ஒதுங்கினார்கள், எட்டுப் பேர் வந்தார்கள். ஒரு போலீஸ்காரர் கையைக் காட்டித் தடுத்தார். எதிர்த்திசையில் வண்டி வரக்கூடாது என்றார். அப்போதுதான் அவள் குரலை உயர்த்தினாள்.

"கேன்சர் பேஷண்ட் சார். கீமோ ஏத்தின ஒடம்பு. அவங்க ரத்தத்துல ஒண்ணுமே இல்ல. காய்ச்சல் வந்துடுச்சி. இங்கயே நிக்க வச்சிங்கன்னா செத்துடுவாங்க."

பாதையின் இரண்டு பக்கமும் எங்கள் ஊர் ஆட்கள்தான் கடை போட்டிருந்தார்கள். நான் ஊசி போட்ட பிள்ளைகள், பிரசவம் பார்த்து அனுப்பிய பெண்கள். எல்லோரும் திரும்பினார்கள். மாஸ்க்குக்கு மேலே என் கண்ணைப் பார்த்து அடையாளம் கண்டுகொண்டார்கள். "நர்சம்மாவா?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. அந்த நிமிடம் எனக்குச் செத்துப்போவதை விட அதுதான் பெரிய பயமாக இருந்தது என்று சொன்னால் நம்புவது கஷ்டம்.

போலீஸ்காரர் விசிலை எடுத்தார். அவர் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். நடந்து வந்தவர்கள் மெல்ல ஓரம் ஒதுங்க, நடுவில் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி கிடைத்தது. கடைகளில் இருந்து எங்கள் ஊர்ப் பெண்கள் சிலர் இறங்கி வந்து முன்னால் நடந்தார்கள். அத்தனை தூரமும் அவள் அப்படியே கையை விரித்துக்கொண்டு நடந்தாள். ஆம்புலன்ஸில் என்னை ஏற்றும்போது மணி ஆறு. ஒரு மணி நேரம் என்று டாக்டர் சொன்னது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது.

டவுன் ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்தபோது வெள்ளை அணு மிகவும் குறைந்திருந்தது. ஆன்டிபயாட்டிக்கைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். மூன்று நாள் காய்ச்சல் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது. அந்த மூன்று நாளும் எனக்குச் சரியாக நினைவில்லை. கணவர் சொல்லித்தான் தெரியும், நான் அரைத் தூக்கத்தில் பெயர் பெயராகச் சொல்லி, ஊசி போடும் தேதி தாண்டிவிட்டது என்று கவலைப்பட்டேனாம். நாலாம் நாள் காலையில் குளிர் விட்டது. பசித்தது. மகள் இட்லியைப் பிட்டுக் கொடுத்துக்கொண்டே முதல் முறையாக அழுதாள்.

ஊருக்குத் திரும்பியபோது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. "நர்சம்மாவுக்கே வந்துடுச்சு, நம்மள்லாம் எம்மாத்திரம்" என்று சிலர் பேசினார்கள். பார்க்க வந்த ஒரு வீட்டார் என் கையால் தண்ணீர் வாங்கத் தயங்கினார்கள், நோய் ஒட்டுமோ என்று. அது வலித்தது. ஆனால் அந்த ஆடி மாதம், எனக்குப் பதிலாக வேலை பார்த்த செவிலியர் போன் செய்து, செவ்வாய்க்கிழமை கூட்டத்துக்கு உட்கார இடமில்லை என்று சொன்னார்.

மீதிக் கீமோ, ஆபரேஷன், இருபத்தைந்து நாள் ரேடியேஷன் எல்லாம் முடிய தை மாதம் ஆகிவிட்டது. மார்பை முழுதாக எடுக்கவில்லை, கட்டி இருந்த பகுதியையும் அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள். இடது கையால் இப்போதும் கனமான பை தூக்க முடியாது. தடுப்பூசிப் பெட்டியை வலது தோளில் மாட்டிக்கொள்கிறேன். மாத்திரை தினமும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை சென்னை. போகிற வாரம் நான் வீட்டில் யாரோடும் சரியாகப் பேசமாட்டேன். முதுகு வலித்தால் எலும்புக்குப் போய்விட்டதோ என்று தோன்றும், இருமல் வந்தால் நுரையீரலோ என்று. டாக்டர் சரியாக இருக்கிறது என்று சொன்னதும் கொஞ்ச நாள் குறையும். முழுக்கப் போனதில்லை.

போன கார்த்திகை தீபக் கூட்டம் ஓய்ந்த பிறகு, டீக்கடைக்காரியிடம் கேட்டேன்.

"நீ மார்புப் படம் எடுத்தியா? உங்கம்மாவுக்கு இருந்ததால நீ கட்டாயம் பாக்கணும்னு சொன்னனே."

அவள் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தாள். "எடுக்கணும்க்கா."

"எத்தன வருஷமா எடுக்கணும்?"

நன்றாகக் கழுவிய டம்ளரை மறுபடி கழுவினாள். எனக்குப் புரிந்தது. என் கையைக் கவனித்தவள், தன் உடம்பில் கை வைக்கவே பயந்துகொண்டு இத்தனை நாளும் இருந்திருக்கிறாள். கூட்டத்துக்கு வந்தாளே தவிர ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை.

"வெள்ளிக்கெழம நான் டவுனுக்குப் போறேன். நீயும் வர" என்றேன்.

"கடை?"

"மாமியார் பாத்துப்பாங்க."

வந்தாள். மம்மோகிராம் அறை வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று ஈரமாக இருந்தது. பௌர்ணமிக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு நடந்தவள் அப்போது ஒரு பெயரைக் கூப்பிட்டதற்கெல்லாம் திடுக்கிட்டாள். "அக்கா, எதுனா இருந்துச்சின்னா?" என்று கேட்டாள்.

"இருந்தா இருக்கட்டும். நான் வந்த வழிலயே உன்னயும் கூட்டிகிட்டுப் போவேன்" என்றேன். அவளுக்கு அது ஆறுதலாக இருந்ததா என்று தெரியவில்லை. முகம் அப்படியேதான் இருந்தது.

படத்தில் ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். அந்த அரை மணி நேரமும் அவள் என் கையை விடவில்லை. வெறும் நீர்க்கட்டிதான், பயமில்லை, ஆறு மாதம் கழித்து மறுபடி வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர். அவள் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள். வெளியே வந்ததும் சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"ஆறு மாசம்னா எப்ப வருது?" என்றாள்.

"வைகாசி. எனக்கும் சென்னைக்குப் போவணும் அந்த மாசம்."

"அப்ப உங்களுது மொதல்ல பாத்துகினு வாங்க. அப்புறம் என்னுத பாக்கலாம்" என்று சொல்லிவிட்டு, கடைக்குப் பால் சொல்ல வேண்டும் என்று போனை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள். நான் பின்னாலேயே போனேன்.